எண்ணெய் படாத தலை

முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை, தலையைப் பார்த்தால் இழவு வீட்டுக்காரர். முதன்முதலாக அவர் என் கடை முன்னால் வந்து நின்றபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. முகம் அப்போதுதான் மழித்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. தலைமுடி மட்டும் காய்ந்த சோளத்தட்டை மாதிரி பறந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால்தான் ஆம்பளை தலையில் எண்ணெய் வைக்கமாட்டான். கருமாதி முடிந்து, மாமன் மச்சினன் எண்ணெய் தொட்டு வைத்த பிறகுதான் தலை முழுகுவான். அதுவரைக்கும் தாடியும் மழிக்கமாட்டான். இவரோ பாதி கல்யாணம், பாதி துக்கம் என்று நிற்கிறார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா?

“என்ன தம்பி, வீட்டுல எதும் துக்கமா?”

“இல்லையே ஆச்சி. ஏன் கேக்கீக?”

“தலையில எண்ணெயக் காணோமே.”

அவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “இது டூட்டி ஆச்சி” என்றார்.

டூட்டிக்கு எண்ணெய் வைக்கக் கூடாதென்று எந்த ஊரில் சட்டம்? போலீஸ்காரர் வைக்கிறார், பஸ் கண்டக்டர் வைக்கிறார், வாத்தியார் வழிய வழிய வைத்துக்கொண்டு வருகிறார். இவருக்கு மட்டும் என்ன என்று யோசித்துக்கொண்டே சட்டியிலிருந்து இரண்டு வடையை எடுத்து இலைத்துண்டில் வைத்து நீட்டினேன். பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டு எட்டு பின்னால் போனார்.

“ஆச்சி, எண்ணெய்க் கை! எண்ணெய்க் கை!”

அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. நான் பாசத்தில் கன்னத்தைத் தொடப்போனால் எண்ணெய்க் கை. டம்ளரை நீட்டினால் எண்ணெய்க் கை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்தால், பொட்டலத்துக் காகிதத்தில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். மற்ற யாரும் அப்படிச் செய்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன். அவர் செய்தால் சிரிப்புத்தான் வரும். அவர் முகம் அப்படி.

என் கடை தீயணைப்பு நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அடுக்கிக் கண் மங்கிப்போன பிறகு போட்ட கடை. காலையில் இட்லி, சாயங்காலம் வடை, நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சேமியா ஐஸ். ஐசுக்காக ஒரு குளிர்பெட்டி வாங்கிப் போட்டிருந்தேன். அந்தக் குளிர்பெட்டிதான் அவரை எனக்குக் கொடுத்தது.

ஒருநாள் கையில் தட்டையான நாலைந்து டப்பாவோடு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துணி விரித்து, அதன்மேல் வைத்தார்.

“ஆச்சி, இதுல தண்ணி ஊத்தி உங்க பெட்டிக்குள்ள வைக்கணும். நல்லாக் கல்லு மாதிரி உறையணும். எங்க ஸ்டேஷன் பிரிட்ஜு ரிப்பேரு. வைக்கலாமா?”

“வைங்க. ஆனா எதுக்குன்னு சொல்லிட்டு வைங்க.”

அப்படித்தான் அந்த முதுகுப் பெட்டி விஷயம் எனக்குத் தெரிந்தது. நிலையத்துக்குப் புதிதாக இரண்டு பெட்டி வந்திருந்தது. முதுகில் மாட்டுகிற பெட்டி. பழகுவதற்கு இவரையும் இன்னொருவரையும் வெளியூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் மாட்டுவது காற்று அடைத்த சிலிண்டர். இழுக்கிற காற்று உள்ளே போகும், விடுகிற மூச்சு வெளியே போய்விடும். அரை மணி நேரம் ஆவதற்குள் காற்று தீரப்போகிறது என்று அதுவே விசிலடிக்கும். விசிலடித்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இந்தப் பெட்டி அப்படியில்லை. விட்ட மூச்சை வெளியே விடாது. உள்ளே இருக்கிற சுண்ணாம்பு வழியாக அதை அனுப்பிக் கெட்டதைப் பிரித்துவிட்டு, கொஞ்சம் சுத்தக் காற்றைக் கலந்து, திரும்ப அவருக்கே கொடுக்கும். மணிக்கணக்கில் புகைக்குள் இருக்கலாம். சுண்ணாம்பு வேலை செய்யும்போது கொதிக்கும். அதனால் மூச்சு சூடாக வரும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஐஸ்.

எனக்கு ஒரே சிரிப்பு.

“விட்ட மூச்சையே திரும்ப இழுக்கதா? எச்சில் பண்டம் மாதிரில்ல இருக்கு?”

“சொந்த எச்சில்தானே ஆச்சி.”

“சுண்ணாம்புன்னா, வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பா?”

“அது மாதிரிதான். ஆனா மணி மணியா இருக்கும். ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தா அந்தச் சுண்ணாம்பு செத்துரும். கொட்டிட்டுப் புதுசு போடணும்.”

“செத்ததைக் கொட்டாதீக. எங்கிட்டக் குடுங்க, கடைச் சுவத்துக்கு அடிச்சுக்கிடுதேன்.”

“உங்க சுவருக்கு மூச்சு முட்டுதா ஆச்சி?” என்றார். அவர் பேச்சு அப்படித்தான். கொடுக்கவும் இல்லை. குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டாதாம், அதனால்தான் தினமும் மழிப்பு. எண்ணெய் விவகாரமும் அன்றைக்குத்தான் விளங்கியது. பெட்டிக்குள் ஒரு சின்ன சிலிண்டர். அதில் இருப்பது சுத்த ஆக்சிஜன். அதோடு எண்ணெய் சேர்ந்தால் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். இதைச் சொன்னதும் எனக்கு உடனே பிடிபட்டது. தீப்பெட்டி ஆபீசில் மருந்து அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி புதுக் கொலுசு போட்டு வந்து, வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னதற்கு அன்றைக்கு முழுக்க அழுதாள். மருந்தோடு வாழ்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் புதிதில்லை. ஆனால் நாங்கள் வாசலைத் தாண்டினால் கொலுசைப் போட்டுக்கொள்வோம். இவர் அப்படியில்லை. எந்த நேரம் சைரன் ஊதுமோ என்று வீட்டிலும் எண்ணெய் தொடமாட்டார், கல்யாண வீட்டிலும் தொடமாட்டார். இட்லிப் பொடிக்குக்கூட எண்ணெய் ஊற்றவிடமாட்டார். பொடியை அப்படியே தொட்டுத் தின்றுவிட்டு இருமுவார்.

இவரோடு பயிற்சிக்குப் போன கூட்டாளி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவருக்குத் தலையில் முடியே கிடையாது. அவரை யார் கேட்கப்போகிறார்கள்? அவர் என் கடையில் வடையை வயிறாரத் தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். “கையிலயும் மூஞ்சியிலயும்தான் எண்ணெய் வேணாம்னு சொன்னாக ஆச்சி. தலைக்கு யாரும் சொல்லல. இவரா ஏத்துக்கிட்டது” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் அதை ரகசியமாகவா வைத்திருப்பேன்? அன்றைக்குச் சாயங்காலமே கேட்டுவிட்டேன்.

“கூட்டாளி அப்படிச் சொல்லுதாகளே தம்பி?”

“முகமூடி வாரு தலைமேலதான ஆச்சி போகுது. வேர்த்தா எண்ணெய் எங்க வழியும்? மூஞ்சிக்குத்தான வழியும்?”

“அதுக்காவ வருசம் பூராவுமா?”

“என்னைக்குன்னு சொல்லிட்டா ஊதுது சைரன்?”

தீபாவளிக்கு முந்தின நாள் அவர் சம்சாரம் என் கடைக்கு வந்தார். நல்ல பெண். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். சாத்தூர்ப் பக்கம் பிறந்தவர். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

“ஆச்சி, நீங்களாவது சொல்லுங்க. ஊரு பூரா எண்ணெய் தேச்சுக் குளிக்கு. எங்க வீட்டுல ஒரு மனுசன் சாம்பலு மாதிரித் தலையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க அம்மா வந்தா, என்ன, உங்க அப்பா உசுரோட இருக்கையிலயே என்னைய முண்டச்சியாக்கிப் பாக்காரா உம் புருசன்னு கேக்கா.”

“சொல்லிப் பாத்தாச்சும்மா. கேக்க மாட்டேங்காரு.”

“தலையாணி உறை மட்டும் சுத்தமா இருக்கு ஆச்சி. அது ஒண்ணுதான் லாபம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவர், “இதுவரைக்கும் உசுரோட ஒருத்தரையும் தூக்கிட்டு வரலையாம் ஆச்சி. அதான் அவருக்கு. ஒருத்தரையாவது தூக்கிட்டு வந்துட்டா வச்சுக்கிடுதேன்னு சொல்லுதாரு” என்றார்.

அது எனக்கும் தெரிந்ததுதான். சைரன் ஊதினால் நான் வடையைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் குளிர்பெட்டி மூடியைத் திறந்து வைப்பேன். அவர் பூட்சுக் காலோடு ரோட்டைத் தாண்டி ஓடி வருவார். டப்பாவைத் துணியில் சுற்றிக் கொடுப்பேன். என் கை படாமல், துணியோடுதான். “பத்திரம்யா” என்பேன். வண்டி போய்விடும். திரும்பி வந்தால் காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுப்பார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கமாட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் கேட்கலாம் என்று இருப்பேன். உட்காரமாட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் அவர் இறங்குகிற இடமெல்லாம் அப்படி. விஷவாயு பிடித்த கிணறு, சாக்கடைத் தொட்டி, வெடி வெடித்து முடிந்து புகை மட்டும் மிச்சமிருக்கிற அறை. தகவல் வந்து வண்டி போய்ச் சேருவதற்குள் உள்ளே இருக்கிறவர்களுக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும். இவர் மணிக்கணக்கில் உள்ளே இருந்து தேடித் தேடி எடுத்து வருவது பொணத்தை. வீட்டுக்காரர்கள் அதற்கும் கும்பிடுவார்கள். “கும்பிடாதீகன்னு சொல்லக்கூட முடியல ஆச்சி. வாயில மாஸ்க்கு இருக்கு” என்று ஒருநாள் சொன்னார்.

வெயில் காலத்தில் கரண்டு போய்விட்டால் ஈரச்சாக்கை எடுத்துக் குளிர்பெட்டிமேல் போட்டுவிட்டு, திறக்கவே மாட்டேன். பிள்ளைகள் ஐஸ் கேட்டு அழும்.

“ஆச்சி, பெட்டியில ஐஸ் இருக்குல்லா? ஒண்ணே ஒண்ணு குடேன்.”

“அது விக்கிறதுக்கில்லலே. ஓடு.”

என் வியாபாரமே அதனால் படுத்தது. ஆனால் அதில் எனக்கு எம்புட்டுப் பெருமை என்கிறீர்கள்! என் பெட்டியில் உறைந்த ஐஸ் அவர் முதுகில் ஏறிப் புகைக்குள் போகிறதே. நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த அச்சாபீஸ் தீ பட்டப்பகலில் நடந்தது. வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி அது. தரைக்குக் கீழே பெரிய காகிதக் கிட்டங்கி. சீசன் ஆர்டர் என்பதால் கூரைவரைக்கும் காகிதம் அடுக்கியிருந்தார்கள். காகிதத் தீ எரிந்து முடியாது. கனன்று கனன்று புகையைக் கக்கும். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். நானும் ஓடினேன். வாசலில் ஊரே நின்றது. முத்துமாரி என்று ஒரு பிள்ளை, காகிதம் எண்ணுகிறவள், கீழே போனவள் வெளியே வரவில்லை. அவளுடைய அம்மா தரையில் புரண்டுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து நான் ஐஸ் கொடுத்திருக்கிறேன்.

சிலிண்டர் போட்டவர்கள் உள்ளே போவதும், பாதியில் விசிலடித்துத் திரும்புவதுமாக இருந்தார்கள். கிட்டங்கி அவ்வளவு ஆழம். பிறகு இவரும் கூட்டாளியும் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்தார். முகமூடியைக் கையால் அமுக்கி மூச்சு கசிகிறதா என்று பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

“என்னய்யா, பொண்ணு பாக்கவா போறீக? சீக்கிரம் இறங்குங்கய்யா!”

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கினார்கள். சிலிண்டர் போட்டவர்கள் மூச்சு விட்டால் புஸ் புஸ் என்று கேட்கும். இவர்கள் போனபோது சத்தமே இல்லை. புகை இரண்டு பேரையும் மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

நாங்கள் நின்றோம். என்ன செய்ய முடியும்? நின்றோம். வெயில் சாய ஆரம்பித்தது. முத்துமாரியின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையைவிட அதுதான் பயமாக இருந்தது. நான் அம்மனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே, ஐஸ் இந்நேரம் கரைந்திருக்குமே, மூச்சு சூடாக வருமே என்று அதையும் நினைத்தேன்.

வந்தார்கள். முன்னால் கூட்டாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் இவர், தோளில் அந்தப் பிள்ளை. அவள் முகத்தில் இவர்கள் கையோடு கொண்டுபோயிருந்த இன்னொரு முகமூடி. அவளுடைய கால் ஆடியது. தானாக ஆடியது. அதைப் பார்த்துக் கூட்டம் போட்ட சத்தம், வெடி ஆபீஸ்காரனுக்கே காது அடைத்திருக்கும். கடைசி மூலையில் இருந்த கழிப்பறைக்குள் போய், தாவணியை நனைத்துக் கதவிடுக்கில் அடைத்து, மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. இவர்கள் ஒவ்வொரு அடுக்காகத் தடவித் தடவிப் போய்க் கடைசியில் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து என் கடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார்! முகமெல்லாம் வெந்த மாதிரி சிவந்திருந்தது. வைக்க வைக்க இட்லியைச் சாப்பிட்டார்.

“இன்னைக்கு வடை வைக்கவா? எண்ணெய் வச்சுக்கிடுதேன்னு சம்சாரத்துக்கிட்ட வாக்குக் குடுத்தீகளாமே?”

“வேணாம் ஆச்சி. இப்பத்தான் பெட்டிமேல நம்பிக்கையே வந்துருக்கு. இனிமேத்தான் வச்சுக்கிடக் கூடாது.”

எனக்குத் தாங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி அவர் தலையைச் சுற்றித் திருஷ்டி கழிக்கப் போனேன்.

“ஆச்சி, எண்ணெய்க் கை!”

காற்றிலேயே சுற்றி, என் நெற்றியிலேயே சொடக்கு முறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய பெயரைவிடப் பெட்டியின் பேச்சுத்தான் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. எங்கே யார் மாட்டிக்கொண்டாலும், “அந்தப் பெட்டியக் கொண்டாங்க” என்று போன் வரும். பக்கத்து நிலையங்களும் கூப்பிடும். இறங்க இறங்கச் சுண்ணாம்பு தீர்ந்தது. அது நம்மூர்க் கடையில் கிடைக்கிற சரக்கில்லை. எங்கேயோ கடல் தாண்டி வருகிறது. மேலே எழுதிக் கேட்டிருந்தார்கள்.

“சுண்ணாம்பு வந்துருச்சா தம்பி?”

“வரும் ஆச்சி.”

ஆடி போனது. “வந்துருச்சா?” “வரும் ஆச்சி.” அடுத்த கோடையும் வந்தது. கடைசிச் சுண்ணாம்பு டப்பாவும் ஒரு சாக்கடைத் தொட்டியில் முடிந்துபோனது. ஆனாலும் அவர் தினமும் வந்து என் குளிர்பெட்டியைத் திறந்து, ஐஸ் கல்லு மாதிரி இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். சோப்புப் போட்டுக் கழுவிய விரல். தலை அப்படியேதான் காய்ந்து கிடந்தது.

“பெட்டிதான் சும்மா கெடக்கே. கொஞ்சமாத் தொட்டு வச்சுக்கிட்டா என்னவாம்?” என்று கேட்டேன்.

“நாளைக்குச் சுண்ணாம்பு வந்துட்டா?” என்றார்.

சம்சாரத்திடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

சைரன் ஊதிய அன்று, பழக்கத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். அவர் வரவில்லை. வண்டி வெளியே வந்து திரும்பியது. எனக்கு எல்லாம் தெரியும். சுண்ணாம்பு இல்லை, ஐசுக்கு வேலை இல்லை. தெரிந்தும் கை கேட்கவில்லை. டப்பாக்களை எடுத்து முந்தானையில் அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

“தம்பி! ஐசு! ஐச விட்டுட்டுப் போறீகளே!”

வண்டி கொஞ்சம் மெதுவானது. அவர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து வெறும் கையை விரித்துக் காட்டினார்.

“வேணாம் ஆச்சி. உள்ள வைங்க.”

வண்டி போய்விட்டது. நான் நடு ரோட்டில் நின்றேன். சேலை நனைந்து, தண்ணீர் காலில் வழிந்தது. ஒரு லாரிக்காரன் ஆரனை அடித்துவிட்டு, “ஏ பாட்டி, சாகணும்னா வீட்டுல போய்ச் சாவு” என்று திட்டிவிட்டுப் போனான். அப்புறம்தான் நகர்ந்தேன்.

நடந்ததைக் கூட்டாளிதான் பிறகு சொன்னார். மல்லாங்கிணறு ஊரைத் தாண்டி ஒரு காட்டுக் கிணறு. ஊற்றுக்காக அடியில் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போயிருக்கிறார்கள். தண்ணீர் இறைக்க டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். புகை வெளியேற வழியில்லை. உள்ளே குடைந்துகொண்டிருந்த மகன் மயங்கிவிட்டான். சத்தம் இல்லையே என்று அப்பன் இறங்கியிருக்கிறார். அவர் கிணற்றடியிலேயே விழுந்துவிட்டார். அப்பனை முதலில் எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. மகன்தான் அந்தக் குடைவுக்குள் எங்கேயோ இருந்தான்.

இவர் சாதாரண சிலிண்டரோடு இறங்கினார். கிணற்றில் இறங்கவே கொஞ்ச நேரம் போய்விட்டது. குடைவுக்குள் தவழ்ந்து போயிருக்கிறார். விசிலடித்தது. கூட்டாளி கயிற்றை இழுத்தார். வந்தார். வேறு சிலிண்டரை மாட்டிக்கொண்டு திரும்ப இறங்கினார். இந்தத் தடவை கால் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். வரவில்லை. இடுப்பு குறுகலில் மாட்டியிருந்தது. சுற்றியிருந்த மண்ணைக் கையால் பறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விசிலடித்தது.

வெறுங்கையோடு ஏறி வந்தார், மாற்ற வேறு சிலிண்டர் இல்லை. மேலே நின்ற ஊர்க்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். “அந்தப் பிள்ளையத் தூக்குன பெட்டிய எங்கய்யா? எங்க பய வந்தா மட்டும் பெட்டி இல்லையா?” அந்தப் பையனின் பெண்டாட்டி இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம். “பெட்டிய மாட்டிக்கிட்டுப் போங்க சாமி, பெட்டிய மாட்டிக்கிட்டுப் போங்க” என்று அதையே சொன்னாளாம். பெட்டி வண்டியில்தான் இருந்தது. எப்போதும்போலத் துடைத்துச் சுத்தமாக இருந்தது. உள்ளே சுண்ணாம்புதான் இல்லை. அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்கு விளங்கும்? ‘கெட்ட மூச்சு திரும்ப வந்தா நாமளும் உள்ளயே படுத்துருவோம்’ என்று சொல்லிக் கூட்டாளிதான் இவரைப் பெட்டிப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்.

வேறு நிலையத்திலிருந்து சிலிண்டர் வந்து, மறுபடி இறங்கி எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

“முதல்ல தொட்டப்ப கால் சூடா இருந்துச்சாம் ஆச்சி” என்றார் கூட்டாளி. “அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு. வேற பேச்சு இல்ல.” சொல்லிவிட்டு அவரும் வடை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

சில நாள் அவர் கடைப்பக்கமே வரவில்லை. நிலைய வாசலில் நிற்பது தெரியும். நான் கையை ஆட்டுவேன். அவரும் ஆட்டுவார். ரோட்டைத் தாண்டமாட்டார். சரக்கு வருகிறவரைக்கும் பெட்டி இரண்டையும் அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஐஸ் டப்பாக்களை வாங்கிக்கொண்டு போக யாரும் வரவில்லை. நானும் எடுத்து வெளியே வைக்கவில்லை. எதற்கு வைக்க? கரண்டு போனால் ஈரச்சாக்கைப் போடத்தான் செய்தேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், வடைச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும்போது, யாரோ மாப்பிள்ளை மாதிரி ஒரு ஆள் ரோட்டைத் தாண்டி வந்தார். தலை வெயிலில் பளபளவென்று மின்னியது. நன்றாக வழித்து, வகிடு எடுத்துச் சீவியிருந்தது. கண் மங்கலில் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் வந்ததும் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது.

எத்தனை வருஷமாக நான் கேட்டது! அவர் சம்சாரம் கேட்டது, மாமியார் கேட்டது. அந்தத் தலையில் எண்ணெய் வைத்துப் பார்த்துவிட மாட்டோமா என்று நான் இருக்கன்குடிவரைக்கும் போய்க் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு ராசா மாதிரி வந்து நிற்கிறார். எனக்கு என்னவோ அடிவயிற்றில் ஐசை வைத்த மாதிரி இருந்தது.

“தலைக்குக் குளிச்சீகளாய்யா?”

“ஆமா ஆச்சி. அவதான் தேச்சு விட்டா. சந்தோசப்பட்டா.”

“சுண்ணாம்பு…”

“ரெண்டு வடை குடுங்க ஆச்சி.”

எண்ணெயை வடிக்காமல்கூட எடுத்துக் கொடுத்தேன். காகிதம் கேட்கவில்லை. கையிலேயே வாங்கினார். மெதுவாகத் தின்றார். விரலெல்லாம் எண்ணெய். கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தேன், சோப்பையும் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்தார். வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

குளிர்பெட்டிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வடை மாவும் எண்ணெயுமாக இருந்த என் கையை அப்படியே கொண்டுபோய் அவர் தலையில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அவர் குனிந்து கொடுத்தார்.

‘ஆச்சி, எண்ணெய்க் கை’ என்று ஒரு வார்த்தை சொல்லி இரண்டு எட்டு பின்னால் போய்விட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. கையை எடுக்காமல் நின்றேன். அவர் குனிந்தபடியே இருந்தார்.